இடித்தது அவர், பழி நம்மீது: பேசி முடிப்பதா, இன்சூரன்ஸா, ஸ்டேஷனா, வழக்கா?

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பெங்களூரு ராமமூர்த்தி நகர் பக்கம் ஒரு கீழ்ப்பாலத்திலிருந்து மேலேறும் சரிவில் வண்டிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. எனக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கார், பின்னால் ஒரு டெம்போ. வரிசை கொஞ்சம் அசைந்தது, முன்னால் இருந்தவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார், கார் முன்னே போகாமல் மெல்லப் பின்னால் உருண்டு வந்தது. ஹாரனை விடாமல் அழுத்தினேன். அவர் மறுபடி பிரேக் போடுவதற்குள் என் பம்பரில் வந்து ஏறிவிட்டது. இறங்கி வந்தவர் சொன்ன முதல் வார்த்தையே "நிம்தே தப்பு" (உங்கள் தப்புதான்) என்பதுதான். பின்னால் இருந்தவன் நான், அதனால் இடித்தவனும் நான். பதினைந்தாயிரம் கொடுங்கள், இல்லையென்றால் ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று நின்றார். என் பக்கத்து சீட்டில் அம்மா. சர்க்கரை உள்ளவர், சாப்பிடும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. சுற்றி நான்கு பேர் கூடிவிட்டார்கள், எல்லோரும் என் நம்பர் பிளேட்டில் இருந்த டி.என்.னைத்தான் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

அந்த நேரத்தில் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்றுதான் மனம் சொல்லும். கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் மூன்று நாள் தூங்காமல் கிடந்தவர்களை எனக்குத் தெரியும். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். இப்படி மாட்டிக்கொண்டால் நம் முன்னால் நான்கைந்து வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வேறு வேறு வேலைக்கானது. காரைச் சரிசெய்துகொள்வது ஒரு வேலை, யார் தப்பு என்று நிரூபிப்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் பணமும் போகும், நியாயமும் கிடைக்காது.

வழிகளைப் பார்ப்பதற்கு முன்னால் முதல் பத்து நிமிடம். எந்த வழியில் போனாலும் அந்தப் பத்து நிமிடத்தில் கையில் சேர்த்ததுதான் கடைசிவரை உதவும். யாருக்காவது அடிபட்டிருந்தால் ஆஸ்பத்திரிதான் முதலில், மற்றதெல்லாம் அப்புறம். அடி இல்லையென்றால், வண்டியை ஓரம் கட்டச் சொல்லிப் பின்னால் எவ்வளவு கத்தினாலும் சரி, நகர்த்துவதற்கு முன்னால் எடுக்கும் படம்தான் படம். இரண்டு காரும் ஒரே படத்துக்குள், நம்பர் பிளேட் தெரிய ஒன்று. ரோட்டுச் சரிவும் லேன் கோடும் தெரிய கொஞ்சம் தள்ளி நின்று ஒன்று. அவருடைய சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று ஒன்று. பிறகு நிற்காமல் ஒரு சுற்று வீடியோ, அருகில் இருக்கும் கடைப் பலகையோ மின்கம்பமோ அதில் விழுகிற மாதிரி.

சாட்சி அதைவிட முக்கியம். என் பின்னால் நின்ற டெம்போக்காரருக்கு எல்லாம் தெரியும், ஆனால் வழி கிடைத்ததும் அவர் போய்விடுவார், அவருக்கும் பிழைப்பு இருக்கிறது. ஓடிப்போய் நம்பர் மட்டும் வாங்கிக்கொண்டேன். மறுநாள் காலையில் சரிவின் தலைமாட்டில் இருக்கும் அய்யங்கார் பேக்கரிக்குப் போய், அண்ணா, உங்கள் கேமராவில் ரோடு விழுகிறதா என்று கேட்டேன். விழுந்தது. கல்லாவுக்கு மேலே இருந்த சின்னத் திரையில் ஓட்டிக் காட்டினார்: வெள்ளைக் காரின் பிரேக் விளக்கு அணைகிறது, ஒரு நொடி சும்மா நிற்கிறது, பிறகு பின்னால் வருகிறது. என் கார் அசையவே இல்லை. கடை கேமராக்கள் சில நாளில் பழையதை அழித்து மேலே எழுதிக்கொண்டே போகும், அதனால் இதில் ஒரு நாள் தள்ளிப்போடுவதும் ஆபத்து. திரையை போனில் படம் பிடித்ததோடு நிற்காமல், அசல் கோப்பையும் பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். கோர்ட் வரை போனால் பாரதிய சாட்சிய அதினியம் (இப்போதைய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்கு ஒரு சான்றிதழ் வைக்க வேண்டும், அதற்கு அசல் கைவசம் இருப்பது நல்லது. நம் காரிலேயே டேஷ்கேம் இருந்தால் மெமரி கார்டை அன்றே கழற்றிப் பத்திரப்படுத்துங்கள்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

அங்கேயே பேசிப் பணம் கொடுத்தோ வாங்கியோ முடிப்பதுதான் ஊரில் அதிகம் நடப்பது. தப்பு யாருடையது என்பதில் இருவருக்கும் சந்தேகம் இல்லாமல், சேதம் ஒரு கீறலோடு நின்றிருந்தால் இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆனால் எதிராளி மறுக்கும்போது, நாம் தப்பே செய்யாமல் பணம் கொடுப்பது எனக்கு ஏற்புடையதல்ல. நியாயம் மட்டும் காரணம் இல்லை. நம் மோட்டார் பாலிசியின் நிபந்தனைகளிலேயே, இன்சூரன்ஸ் கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் தப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது, பணம் தருவதாக வாக்குக் கொடுக்கக் கூடாது என்று இருக்கிறது. ரோட்டில் நின்றுகொண்டு "என் தப்புதான்" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு கம்பெனியும் கையை விரிக்கலாம். கொடுத்தே தீரவேண்டிய நிலை வந்தால் யுபிஐயில் கொடுங்கள். தேதி, நேரம், இடம், இரண்டு வண்டி நம்பர், தொகை, இதற்குமேல் ஒருவர்மீது ஒருவருக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வரி, இரண்டு பேர் கையெழுத்து; இவ்வளவு போதும், யார் தப்பு என்ற வரி அதில் வேண்டாம். ஒரு சின்னக் காயம் இருந்தாலும்கூட இந்த வழிக்கே போகாதீர்கள். இன்று தடவிவிட்டுக்கொண்டு போகிற கழுத்து வலி நாளை எக்ஸ்ரே வரை போகலாம்.

அப்புறம், சாவியையும் அசல் ஆர்.சி.யையும் எதிராளியிடம் கொடுக்காதீர்கள். பிடுங்கிவைத்துக்கொள்ள அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. வண்டி நம்பர் இருந்தால் எம்பரிவாஹன் செயலியிலேயே அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று பார்த்துவிடலாம். இதை அங்கேயே பார்த்துவிடுங்கள், ஏனென்றால் மேலே போகலாமா என்று முடிவெடுப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

இரண்டாவது வழி நம்முடைய சொந்த இன்சூரன்ஸ், ஓன் டேமேஜ் கிளெய்ம். இதைப் பற்றித்தான் தப்பான எண்ணம் அதிகம். "அவன் இடிச்சதுக்கு என் இன்சூரன்ஸ்ல ஏன் போகணும்" என்று கோபப்படுகிறார்கள், அந்தக் கோபம் எனக்கும் வந்தது. ஆனால் ஃபுல் இன்சூரன்ஸில் தப்பு யாருடையது என்பது கேள்வியே இல்லை, பாலிசிக்கு உட்பட்ட விபத்தா என்பதுதான் கேள்வி. எதிராளி ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, அவரோடு பேசவே வேண்டியதில்லை. உடனே தகவல் கொடுத்து, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும்வரை கை வைக்காமல் இருந்தால் வேலை நடந்துவிடும். ஒரே கேள்வி, கிளெய்ம் போட்டால் கட்டுப்படியாகுமா என்பது. என் கணக்கையே போட்டுக் காட்டுகிறேன்.

சர்வீஸ் சென்டரில் மதிப்பீடு 17,000 ரூபாய். பம்பர் 7,000, கிரில் 2,000, பெயின்ட் 6,000, கூலி 2,000. பம்பரும் கிரில்லும் பிளாஸ்டிக், அதில் தேய்மானம் பாதி, ஆகவே 4,500 கழியும். பெயின்ட் பில்லில் நான்கில் ஒரு பங்கைப் பொருள் விலை என்று எடுத்துக்கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள், அது 750. அப்புறம் 1,500 சிசி வரை உள்ள காருக்குக் கட்டாயக் கழிவு, அதாவது எந்தக் கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய தொகை, 1,000 (அதற்கு மேல் என்றால் 2,000). எல்லாம் போகக் கம்பெனி தருவது 10,750, என் கையிலிருந்து 6,250.

இனி இழப்பு. கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, போய்விடும். அது கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கு ஏற்ப 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும், ஓன் டேமேஜ் பிரீமியத்துக்கு மட்டும்தான், தேர்ட் பார்ட்டி (நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கான) பிரீமியத்துக்கு இல்லை. நான் 35இல் இருந்தேன், அடுத்தது 45 கிடைத்திருக்கும். கிளெய்ம் போட்டால் பூஜ்யத்திலிருந்து மறுபடி ஏற வேண்டும். என் ஓன் டேமேஜ் பிரீமியம் தள்ளுபடிக்கு முன் சுமார் 8,000. அடுத்த ஐந்து வருடத்தில் 3,600, 2,400, 2,000, 1,200, 400 என்று மொத்தம் 9,600 ரூபாய் தள்ளுபடியை இழப்பேன். பத்தாயிரத்து எழுநூற்று ஐம்பதை வாங்க ஒன்பதாயிரத்து அறுநூறு. பிரீமியம் வருடா வருடம் கொஞ்சம் மாறும், ஆனாலும் படம் தெளிவாக இருக்கிறது: எனக்கு அது வேண்டாத வேலை.

இதுவே ஜீரோ டெப் எடுத்தவராக இருந்தால் தேய்மானம் கழியாது, கம்பெனி 16,000 தரும், அப்போது கிளெய்ம் போடுவதுதான் சரி. நோ கிளெய்ம் போனஸைக் காக்கும் கூடுதல் கவர் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஹெட்லைட், ரேடியேட்டர் என்று போய் பில் நாற்பதாயிரத்தைத் தொட்டாலும் அப்படியே. போனஸும் ஒரு பணம்தான், அதைக் கணக்கில் சேர்க்காமல் முடிவெடுக்காதீர்கள். கம்பெனி அநியாயமாக மறுத்தால், முதலில் அவர்களுடைய குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி ஒரு மாதம் பார்த்துவிட்டு, ஜே.பி. நகரில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், செலவு கிடையாது. அது நம் கம்பெனிமீதான புகாருக்குத்தான், எதிராளியின் கம்பெனிக்கு எதிராக அங்கே போக முடியாது.

ஸ்டேஷன். இந்த வார்த்தையைச் சொல்லித்தான் மிரட்டுகிறார்கள், ஆனால் தப்பு செய்யாதவருக்கு ஸ்டேஷன் பயப்பட வேண்டிய இடமே இல்லை என்பதை அன்று நேரில் பார்த்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 134ஆம் பிரிவே, ஒருவருக்குக் காயமோ அடுத்தவர் சொத்துக்குச் சேதமோ ஏற்பட்டு அங்கே போலீஸ் இல்லையென்றால், முடிந்தவரை சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் பக்கத்து நிலையத்தில் சொல்ல வேண்டும் என்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவிக்கச் சொல்கிறது. பெங்களூரில் இதற்குப் போக்குவரத்துக் காவல் நிலையங்கள் தனியாக இருக்கின்றன, அங்கே போங்கள். ரோட்டிலேயே கூட்டம் சேர்ந்து சூடாகிறது என்றால் 112.

ஆனால் ஸ்டேஷனில் எதை எதிர்பார்க்கலாம் என்பதில் தெளிவு வேண்டும். இவர் அவருக்கு இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் போலீசுக்குக் கிடையாது. அவர்கள் பேசிவைப்பார்கள், ஒத்துவராவிட்டால் எழுதிக்கொள்வார்கள். நமக்கு வேண்டியது அந்த எழுத்துதான்: இந்த நாளில், இந்த இடத்தில், இந்த வண்டி இப்படி வந்தது என்று நாம் கொடுத்த புகாரும் அதற்கான ரசீதும். நாளை அவர் கதையை மாற்றினாலும் நம் கதை முதல் நாளே பதிவாகியிருக்கும்.

எஃப்.ஐ.ஆர். வேறு விஷயம். கண்மூடித்தனமாக ஓட்டியதற்கு பாரதிய நியாய சன்ஹிதா 281ஆம் பிரிவு இருக்கிறது (முன்பு ஐபிசி 279), ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கோபத்தில் இதைக் கேட்பவர்கள் ஒன்றை யோசிப்பதில்லை. இந்தக் குற்றம் சமரசம் செய்துகொள்ளக்கூடிய பட்டியலில் இல்லை. நாளைக்கே இருவரும் கைகுலுக்கிவிட்டாலும் வழக்கு தானாகப் போகாது, வண்டிகளை மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்க வேண்டும், சாட்சியாக நாமும் நடக்க வேண்டும். காயம், குடிபோதை, லைசென்ஸ் இல்லாமை, இடித்துவிட்டு ஓடிப்போனது, இவற்றில் ஒன்று இருந்தால் எஃப்.ஐ.ஆர். கேட்டு உறுதியாக நில்லுங்கள். பம்பர் நசுங்கியதற்கு நான் கேட்க மாட்டேன்.

டி.என். வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு சொல்கிறது. தகராறு ஒன்று, பதிவு இன்னொன்று. ஆனால் எதிராளி அதைப் பிடித்துக்கொண்டு மிரட்டுவார். நம் பக்கம் அது பாக்கியிருந்தால் அதை விபத்துக்கு முன்பே முடித்துவைப்பதுதான் நல்லது. அதற்காக இல்லாத தப்பை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

கடைசியாக, எதிராளியின் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸில் கேட்பது. நியாயப்படி பார்த்தால் இதுதான் நேர்வழி: இடித்தவரின் கம்பெனி கொடுக்கட்டும். தனியார் கார் பாலிசியில் அடுத்தவர் சொத்துச் சேதத்துக்குப் பொதுவாக 7.5 லட்சம் வரை கவர் இருக்கும், பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க அதை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் எதிராளி மறுக்கும்போது அவர் கம்பெனிக்கு போன் போட்டால் பணம் வந்துவிடாது, மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய் அவருடைய கவனக்குறைவை நாம் நிரூபிக்க வேண்டும். பெங்களூரில் ஸ்மால் காஸஸ் கோர்ட்தான் அந்தத் தீர்ப்பாயம். 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போடச் சொல்கிறது சட்டம். விபத்து ஓசூரில் நடந்திருந்தாலும் நாம் குடியிருப்பது பெங்களூரு என்றால் இங்கேயே போடலாம், இந்த இரண்டு ஊருக்கும் நடுவே தினம் ஓடுகிறவர்களுக்கு இது பெரிய வசதி.

பதினேழாயிரத்துக்கு இந்த வழி சரிப்படாது. வக்கீல் ஃபீஸ், வாய்தா, லீவு என்று போவதே அதைத் தாண்டிவிடும். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு கிருஷ்ணகிரித் தம்பி, டாக்சி ஓட்டுகிறான், கடன் முடிந்ததும் செலவைக் குறைக்க வெறும் தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்தவன். ஓரமாக நிறுத்தியிருந்த அவன் வண்டியின் பின்பக்கத்தை ஒரு கார் உள்ளே தள்ளிவிட்டது, ஓட்டியவர் நான் இல்லவே இல்லை என்கிறார். டிங்கரிங்கும் டிக்கிக் கதவும் சேர்த்து 68,000 ரூபாய், பன்னிரண்டு நாள் வண்டி ஓடவில்லை. அவனுக்கு ஓன் டேமேஜ் கிடையாது, கையிலும் பணம் கிடையாது. அவனிடம் போய் விட்டுக்கொடு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. முதல் நாளே புகார் கொடுக்க வைத்தோம், படங்களைச் சேர்த்தோம், ஓடாத நாட்களின் வருமானத்துக்கு அவன் செயலியில் இருக்கும் முந்தைய மாதக் கணக்கையெல்லாம் எடுத்தோம், இப்போது மனு நடக்கிறது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஒரே ரூபாயை இரண்டு இடத்தில் வாங்க முடியாது. சொந்தக் கம்பெனி கொடுத்த தொகையை எதிராளியிடமும் கேட்கக் கூடாது.

கோர்ட் ஏறாமல் நடுவில் ஒரு வழி இருக்கிறது, அதை நம் ஆட்கள் பயன்படுத்துவதே இல்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுத்தால், எதிராளியைக் கூப்பிட்டு லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) உட்காரவைத்துப் பேசுவார்கள். கோர்ட் கட்டணம் இல்லை, அங்கே ஒப்புக்கொண்டதற்கு மேல்முறையீடு இல்லை, கோர்ட் தீர்ப்புக்குச் சமம். 15100 என்ற எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள். இரண்டு பேரும் சம்மதித்தால்தான் நடக்கும் என்பதுதான் இதன் பலவீனம், வரவே மாட்டேன் என்பவரை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ரோட்டில் வீறாப்பாக நின்ற பலர், வீடியோ இருக்கிறது என்று தெரிந்து, ஒரு கடிதமும் வந்த பிறகு, வேறு குரலில் பேசுகிறார்கள்.

என் விஷயம் அவ்வளவு தூரம் போகவில்லை. அன்று சம்பவ இடத்தில் பணம் தர மறுத்து, சரி, ஸ்டேஷனுக்கே போகலாம் என்று நானே சொன்னேன். அம்மாவை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் போய் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் பேக்கரி வீடியோவோடு மறுபடி போனேன். அந்த ஏ.எஸ்.ஐ. அதை இரண்டு முறை பார்த்துவிட்டு, வெள்ளைக் கார்க்காரரைக் கூப்பிட்டு அவருக்கும் காட்டினார். அவர் தப்பை ஒப்புக்கொள்ளவில்லை. பதினைந்தாயிரம் என்ற பேச்சை மட்டும் விட்டுவிட்டு, அவரவர் வண்டியை அவரவர் பார்த்துக்கொள்ளலாம் என்றார். என் கணக்கை ஏற்கெனவே போட்டிருந்ததால் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு நாள் கழித்து போனில் கூப்பிட்டு ஐந்தாயிரமாவது கொடுங்கள் என்றார். எதுவாக இருந்தாலும் உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனி வழியாக எழுத்தில் அனுப்புங்கள், என் கம்பெனி பதில் சொல்லும் என்றேன். அதற்குப் பிறகு போன் வரவில்லை.

பம்பரை மாற்றவில்லை, லிங்கராஜபுரத்தில் தெரிந்த டிங்கரிங் கடைக்குக் கொண்டுபோனேன். மாஸ்டர் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி உள்ளேயிருந்து கையால் தள்ளி ஒடுக்கை எடுத்தார், பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்து 6,500 ரூபாய். வேலையைத் தொடங்குவதற்கு முன்னால், அந்தக் காரின் நம்பர் பிளேட் திருகு குத்தி என் பம்பரில் விழுந்திருந்த இரண்டு குட்டித் துளைகளைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீங்க பிரேக் போட்டுக்கிட்டே போய் இடிச்சிருந்தா வண்டி மூக்கு தாழ்ந்திருக்கும் சார், குறி இன்னும் மேல விழுந்திருக்கும். இது நின்ன வண்டி." பட்டி போடும் முன் அந்தத் துளைகளை அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, வீடியோவும் புகார் ரசீதும் இருக்கும் அதே ஃபோல்டரில் போட்டுவைத்தேன்.